திரையில் ஒரு வைரஸ்

வாசகர்களே, ஸ்டீவன் சோடர்பெர்க் இயக்கி 2011-இல் வெளிவந்த ‘கன்டேஜியன்’ படத்தைப் பார்த்திருக்கிறீர்களா? நோயின் இரண்டாம் நாளில் தொடங்கும் கதை, முதல் நாளைக் கடைசியில்தான் காட்டுகிறது. இயந்திரம் மரத்தைச் சாய்க்கிறது. விரட்டப்பட்ட வௌவால் வாழைப்பழத் துண்டொன்றைக் கவ்விவந்து பன்றிக் கொட்டகையின் கூரையில் தொங்குகிறது. நழுவி விழுந்த துண்டைப் பன்றிக்குட்டி தின்கிறது. அந்தப் பன்றியைச் சமைக்க எடுத்த சமையற்காரர், கையைக் கழுவாமல் துணியில் துடைத்துவிட்டு, ஒரு பெண்ணுடன் கைகுலுக்குகிறார். வசனமே இன்றி ஒரு பாடம் நடந்துவிடுகிறது!

இது வெறும் கற்பனையன்று. மலேசியாவில் 1998-99-இல் பரவிய நிபா வைரஸே இதற்கு முன்மாதிரி. அங்கே பன்றிப் பண்ணையை ஒட்டிப் பழமரங்கள் இருந்தன. பழந்தின்னி வௌவால்கள் அவற்றை நாடி வந்தன. 265 பேர் நோயுற்றனர். 105 பேர் மாண்டனர். பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன.

கடைசிக் காட்சியில் இவ்வளவு கவனம் காட்டிய படம், ஆய்வுக்கூடக் காட்சியில் சறுக்குகிறது. வைரஸின் மரபுப் பொருளில் வௌவாலின் பகுதியும் பன்றியின் பகுதியும் கலந்திருப்பதாக அங்கே கூறுகிறார்கள். இரு பிராணிகள் சந்தித்ததால் புதிய அரக்கன் ஒருவன் பிறந்தான் என்று நாமும் எண்ணிக்கொள்கிறோம்.

நிபா அப்படிப் பிறக்கவில்லை. பன்றிகளில் கண்ட வைரஸும் மனிதரில் கண்ட வைரஸும் மரபு வரிசையில் ஏறத்தாழ ஒன்றே. அது எப்படி? வைரஸின் மேலுறையிலுள்ள ‘ஜி’ புரதத்தைச் சாவி என்று கொள்ளுங்கள். உயிரணுவின் மேற்பரப்பிலுள்ள எஃப்ரின்-பி2 என்னும் புரதம் அதற்குரிய பூட்டு. 2005-இல் கண்டறியப்பட்ட இந்தப் பூட்டு, வௌவாலுக்கும் பன்றிக்கும் நமக்கும் ஏறக்குறைய ஒரே அமைப்புடையது! சாவி பொருந்தியதும் ‘எஃப்’ என்னும் மற்றொரு புரதம் வைரஸின் உறையை உயிரணுவின் சவ்வோடு இணைத்துவிடுகிறது, ஆர்.என்.ஏ. உள்ளே நுழைகிறது. இரத்தக் குழாய்களின் உட்பரப்பிலும் நரம்பணுக்களிலும் இப்பூட்டு மிகுதி. நிபா மூளையைத் தாக்குவதற்கு இதுவே முக்கிய காரணம்.

இந்தச் சிறு பிழையைப் பெரிதுபடுத்துவானேன் என்கிறீர்களா? அரக்கன் பிறப்பது எங்கோ நிகழும் விபத்தென்றால், அஞ்சுவதைத் தவிர நாம் செய்யக்கூடியது ஏதுமில்லை. சாவி ஏற்கெனவே தயாராக இருக்கிறதென்றால், அது பூட்டின் அருகே வராமல் தடுக்கலாம். வங்காள தேசத்தில் ஈச்சமரப் பதநீரை வௌவால் நக்குவதால் நிபா பரவுகிறது. கலயத்தைச் சுற்றி மூங்கில் தட்டி கட்டினால் வௌவால் அண்டாது என்று அங்கே செய்து காட்டியிருக்கிறார்கள்.

படத்தை அவசியம் பாருங்கள். அரக்கன் கதையை மட்டும் மறந்துவிடுங்கள். கடைசிக் காட்சியை மறவாதீர்கள்.