முதலா, வேலையா? ஓசூரில் நின்று சிறுதொழில் ஆய்வுகளைப் பார்த்தல்

வளரும் நாடுகளில் சிறுதொழில் ஏன் சிறுதொழிலாகவே நின்றுவிடுகிறது? இவ்வினாவுக்குப் பொருளியலார் நெடுநாளாக விடை தேடி வருகின்றனர். 1960-ல் ஜேம்ஸ் பெர்னா என்பவர் சென்னை மாநிலத்துப் பொறியியல் தொழில்முனைவோரைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அவர்கள் பல சாதிகளிலிருந்தும் பல தொழில்களிலிருந்தும் வந்தவர்கள் என்பதை அந்நூல் எடுத்துக்காட்டியது. பெர்னாவின் முறை நேரில் கண்டு கேட்டு எழுதுவது. இன்றைய ஆய்வாளர்களோ சோதனை செய்கிறார்கள். உரத்தின் பயனை அறிய வயலில் சில பாத்திகளுக்கு மட்டும் உரமிட்டு, மற்றவற்றை அப்படியே விடுகிறோம் அல்லவா? அதே முறையைக் கடைகளிலும் பட்டறைகளிலும் கையாள்கிறார்கள். அவர்களுடைய முடிவுகள் கடன் திட்டங்களையும் மானியத் திட்டங்களையும் உருவாக்குவோர் கைக்குப் போகின்றன. ஆகவே அவற்றை நாமும் எடைபோட்டுப் பார்க்க வேண்டும். எடைக்கல்லாக ஓசூரை எடுத்துக்கொள்வோம்.

இலங்கைச் சோதனை

இத்துறையில் புகழ்பெற்ற ஆய்வு ஒன்று நம் அண்டை நாட்டில் நடந்தது. சுரேஷ் டி மெல், டேவிட் மெக்கென்சி, கிறிஸ்டோபர் வுட்ரஃப் என்ற மூவரும் 2005-ல் களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களில் சிறு தொழில் நடத்துவோரைத் தேர்ந்தெடுத்தனர். மளிகைக் கடை, தையல், பின்னல் வேலை, மிதிவண்டி பழுது பார்த்தல் போன்றவை அவர்களுடைய தொழில்கள். நிலமும் கட்டடமும் நீங்கலாக ஒரு இலட்சம் இலங்கை ரூபாய்க்கு மேல் முதல் இல்லாதவர்கள். கூலிக்கு ஆள் வைக்காதவர்கள். குடவோலை போலக் குலுக்கி எடுத்து, சிலருக்கு 10,000 ரூபாயும் சிலருக்கு 20,000 ரூபாயும் பணமாகவோ பொருளாகவோ இலவசமாகக் கொடுத்தார்கள். எஞ்சியோர் ஒப்பீட்டுக்காக விடப்பட்டனர்.

2008-ல் முடிவு வெளியாயிற்று. கொடுத்த முதல் மாதத்துக்கு ஏறத்தாழ 5 விழுக்காடு இலாபம் ஈட்டியது. ஆண்டுக்கு 55 முதல் 63 விழுக்காடு என்று கணக்கிட்டார்கள். இது வங்கி வட்டியைவிடப் பன்மடங்கு அதிகம். ஆனால் ஆண்கள் நடத்திய தொழில்களில்தான் இந்த இலாபம் தெரிந்தது. பெண்கள் நடத்தியவற்றில் சராசரிப் பயன் ஏதும் தென்படவில்லை.

இவ்வாய்வின் சிறப்பைக் குறைத்துச் சொல்ல முடியாது. கெட்டிக்காரன் கையில் பணம் சேர்கிறதா, பணம் சேர்ந்ததால் அவன் கெட்டிக்காரனாகத் தெரிகிறானா என்ற பழைய சிக்கலைக் குலுக்கல் முறை அறுத்தெறிந்தது. ஏழைக்கு முதலைப் பயன்படுத்தத் தெரியாது என்ற பேச்சும் அடிபட்டுப் போயிற்று.

குறை ஆய்வாளர்களிடம் இல்லை. "சிறுதொழிலுக்கு வேண்டியது முதல், கொடுத்தால் தானே வளரும்" என்று இதை எல்லா இடத்துக்கும் நீட்டிப் படிப்பவர்களிடம்தான் இருக்கிறது. மளிகைக் கடைக்கு 10,000 ரூபாய் கிடைத்தால் நான்கு மூட்டை கூடுதலாக வாங்கி வைக்கலாம். அங்கே முதலைச் சிறுசிறு துண்டாகப் பயன்படுத்த முடியும். பல இலட்ச ரூபாய் விலையுள்ள கடைசல் எந்திரத்தில் கால் எந்திரம், அரை எந்திரம் என்று வாங்க முடியுமா? சிறு தொகையில் கண்ட இலாப விகிதத்தைப் பெரிய தொகைக்கும் அப்படியே பெருக்கிப் போடுவது தவறு.

ஓசூரின் கணக்கு

1971-ல் தொடங்கப்பட்ட சிப்காட் நிறுவனம், பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் இருக்கும் இந்த எல்லை ஊரில் தொழில் வளாகம் அமைத்தது. 1980-ஐ ஒட்டி அசோக் லேலண்டின் லாரித் தொழிற்சாலையும் டி.வி.எஸ். மொபெட் தொழிற்சாலையும் வந்தன. பின்னர் டைட்டன் கடிகாரத் தொழிற்சாலை வந்தது. இவற்றைச் சுற்றிக் கடைசல், துளையிடல், தகடு அழுத்துதல், முலாம் பூசுதல் என்று நூற்றுக்கணக்கான பட்டறைகள் முளைத்தன. இவற்றின் வாடிக்கையாளர் தெருவில் போகிறவர் அல்லர். ஒன்றிரண்டு பெரிய தொழிற்சாலைகள், அல்லது அவற்றுக்குப் பாகம் கொடுக்கும் நடுத்தர நிறுவனங்கள்.

எடுத்துக்காட்டாக ஒரு பட்டறையைக் கற்பனை செய்வோம். மாதம் 3 இலட்ச ரூபாய்க்குப் பில் போடுகிறது. செலவு போக 30,000 ரூபாய் மிஞ்சும். பில் தொகை 90 நாள் கழித்து வருகிறது என்றால், எந்த நாளில் பார்த்தாலும் 9 இலட்ச ரூபாய் வெளியே நிற்கும். ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டி என்றால், அந்த 9 இலட்சத்துக்கு மாதம் 9,000 ரூபாய். மிச்சத்தில் பத்தில் மூன்று பங்கு இப்படியே கரைகிறது. பில் 45 நாளில் வந்தால் நிலுவை நாலரை இலட்சமாகக் குறையும். ஒரு காசு மானியமில்லாமல் நாலரை இலட்ச ரூபாய் முதல் பட்டறைக்காரர் கைக்குத் திரும்பும்.

இந்தப் பட்டறைக்கு இலங்கையில் செய்ததுபோல் பணம் கொடுத்தால் என்ன ஆகும்? அதுவும் நிலுவைக் குழிக்குள் இறங்கிவிடும். சிறியவரிடம் கொடுத்த முதல், பெரியவருக்கு வட்டியில்லாக் கடனாக மாறிவிடும்.

முதல் போதாது, வேலையும் போதாது

முதல் மட்டுமே வளர்ச்சியை முடிவு செய்வதில்லை என்பதற்குத் திருப்பூரே சான்று. அபிஜித் பானர்ஜியும் கைவன் முன்ஷியும் 2004-ல் வெளியிட்ட ஆய்வில் அங்குள்ள பின்னலாடைத் தொழிலைப் பார்த்தார்கள். உள்ளூர்ச் சமூகத்தாருக்கு உறவினர் மூலம் முதல் எளிதில் கிடைத்தது. வெளியூரிலிருந்து வந்தவர்கள் குறைந்த முதலோடு தொடங்கியும் உற்பத்தியில் விரைந்து வளர்ந்து முந்தினார்கள். திறமை ஓரிடத்திலும் பணம் ஓரிடத்திலும் தங்கி நின்றதை இது காட்டியது.

எகிப்தில் ஃபுவா என்ற ஊரில் நடந்த சோதனை வேறு வழியில் சென்றது. டேவிட் அட்கின், அமித் கண்டேல்வால், ஆடம் ஒஸ்மான் ஆகியோர் கம்பள நெசவாளர்களுக்குப் பணம் கொடுக்கவில்லை. குலுக்கல் முறையில் ஏற்றுமதி ஆர்டர் கிடைக்கச் செய்தார்கள். 2017-ல் வெளியான முடிவின்படி இலாபம் 16 முதல் 26 விழுக்காடு வரை உயர்ந்தது. நெசவின் தரமும் உயர்ந்தது. ஆர்டரே ஆசிரியராக இருந்தது என்று சொல்லலாம். தொழிற்சாலையின் அளவுக் கட்டுப்பாட்டுக்கு ஈடுகொடுத்துக் கை தேறிய ஓசூர்க் கடைசல்காரருக்கு இது புதிய செய்தி அன்று.

ஆனால் நம் கணக்கை மீண்டும் போட்டுப் பாருங்கள். 90 நாள் தவணை மாறாமல் ஆர்டர் இரட்டித்தால் நிலுவையும் 18 இலட்சமாக இரட்டிக்கும். வேலை பெருகப் பெருகக் கடனும் பெருகும். முதலா, வேலையா என்ற கேள்வியில் பணம் திரும்பி வரும் காலம் விடுபட்டுப் போகிறது.

சட்டம் இதை அறியாமல் இல்லை. 2006-ன் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டம் 45 நாளுக்குமேல் தவணை கூடாது என்கிறது; மீறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மும்மடங்கு கூட்டு வட்டி உண்டு. ஆனால் முறையிட வேண்டியவர் சிறியவர். அடுத்த ஆர்டரைத் தர வேண்டியவர் பெரியவர். இதைக் கண்டுதான் 2023-ல் வருமான வரிச் சட்டம் திருத்தப்பட்டது. குறு, சிறு நிறுவனங்களுக்குத் தவணை தாண்டிக் கொடுத்த தொகையை, கொடுத்த ஆண்டில்தான் வாங்கியவர் செலவாகக் காட்டலாம். புகார் கொடுக்கும் சுமை இதனால் ஓரளவு குறைகிறது. 2017 ஜூலை 1-ல் வந்த ஜி.எஸ்.டி. எல்லைச் சோதனைச் சாவடிகளின் தொல்லையை நீக்கியது உண்மை. ஆனால் பொதுவாக வரி பில்லின் தேதியைப் பார்க்கிறது. பணம் வந்த தேதியைப் பார்ப்பதில்லை. ஆகவே பட்டறைக்காரர் தமக்கு வராத பணத்துக்கும் வரி கட்டுகிறார்.

காலத்தின் விளைவையும் அளக்க முடியும். அமெரிக்காவில் 2011-ல் அரசுக்குப் பொருள் தரும் சிறு நிறுவனங்களுக்கான தவணை 30 நாளிலிருந்து 15 நாளாகக் குறைக்கப்பட்டது. அந்த நிறுவனங்களில் வேலைவாய்ப்பு கூடியதை ழான் நோயல் பரோவும் ரமணா நந்தாவும் 2020-ல் எடுத்துக்காட்டினர். இதே அளவுகோலை ஓசூருக்கும் கொண்டுவரலாம். பட்டறைகளில் ஒரு பாதியைக் குலுக்கி எடுத்து 15 நாளில் பணம் கொடுத்து, மறுபாதியை வழக்கம்போல் விட்டு, ஓராண்டு கழித்து ஆள் எண்ணிக்கையையும் இலாபத்தையும் ஒப்பிட்டால் போதும்.

பொருளியல் பயிலும் மாணவர்கள் பட்டறை ஒன்றுக்குச் செல்லும்போது, "உங்கள் முதலீடு எவ்வளவு?" என்ற கேள்வியோடு நின்றுவிட வேண்டாம். "இன்னும் பணம் வராத பில்லில் மிகப் பழையது எந்தத் தேதியுடையது?" என்றும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.