வாதமேடையும் குருமடமும்: கண்டிப் பகுதியில் நற்செய்தி ஆய்வு மரபுகள்

நற்செய்தி நூல்களையும் அவை கூறும் அற்புதங்களையும் வரலாறாகக் கொள்ளலாமா என்னும் கேள்வி, 19ஆம் நூற்றாண்டு இலங்கையில் உரக்கக் கேட்கப்பட்டது ஊர் கூடிய மேடைகளில்தான். 1864இல் பத்தேகமையில் தொடங்கி 1873இல் பாணந்துறையில் உச்சம் கண்ட பௌத்த, கிறிஸ்தவ வாதங்களுள், 1871இல் நடந்த கம்பளை வாதம் கண்டிக்கு மிக அண்மையில் மகாவலிக் கரையில் நிகழ்ந்தது. இவ்வாதங்களில் பௌத்தத் தரப்பின் பெருங்குரலாக விளங்கிய மிகெட்டுவத்தே குணானந்த தேரர், விவிலியத்தை வரிவரியாகக் கற்று, அதன் முரண்களைக் கொண்டே எதிர்த்தரப்பை மடக்கினார். விவிலியம் கடவுளின் தூண்டுதலால் எழுந்தது, ஆகவே பிழையற்றது என்றும், அற்புதங்களே அதற்குச் சான்று என்றும் மிஷனரிமார் போதித்து வந்த காலம் அது. அந்த உரிமைகோரலை ஏற்றுக்கொண்டு வாதத்தில் இறங்குபவருக்கு ஒரு முரணைக் காட்டினாலே போதும். தேரர் கையில் எடுத்த அளவுகோல் மிஷனரிமார் வகுத்துக் கொடுத்ததே என்பது பலரும் கவனிக்கத் தவறும் செய்தியாகும்.

யாழ்ப்பாணத்துச் சைவரின் கண்டன மரபு, அதாவது மாற்றுச் சமயத்தாரின் கூற்றை மறுத்து நூல் செய்யும் மரபு, வேறு வழியில் சென்றது. பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைநின்ற ஆறுமுக நாவலர், 1854இல் வெளியிட்ட ‘சைவதூஷண பரிகார’த்தில், பாதிரிமார் இகழும் ஆலயமும் விளக்கும் தூபமும் அவர்களது பழைய ஏற்பாட்டிலேயே விதிக்கப்பட்டுள்ளன என்று எடுத்துக்காட்டினார். அங்கு விவிலியம் நடந்ததைச் சொல்கிறதா என்பது முதன்மைக் கேள்வியன்று; எதிரியின் நூலைத் தன் பக்கச் சாட்சியாக்குவதே நோக்கம். விவிலியத்தின் குறைகளையே பொருளாகக் கொண்ட காசிவாசி செந்திநாதையரின் ‘விவிலிய குற்சிதம்’ தேரரின் முறைக்கு நெருங்கியது எனலாம்.

மூன்றாவது மரபு திருச்சபைக்குள்ளேயே வளர்ந்தது. பாப்பரசர் 13ஆம் லியோ 1893இல் கண்டி அம்பிட்டியவில் இந்தியாவுக்கும் இலங்கைக்குமான பாப்பரசர் குருமடத்தை நிறுவினார். அதே ஆண்டு நவம்பரில் வெளியிட்ட சுற்றுமடலில், விவிலியத்தில் பிழைக்கு இடமில்லை என்பதை உறுதியாக வலியுறுத்தினார். பெல்ஜிய இயேசு சபையினர் நடத்திய அக்குருமடம் 1955இல் புனேக்குப் பெயர்வதற்கு முன்பே, 1943இல் 12ஆம் பயஸ், ஒவ்வொரு நூலும் எந்த இலக்கிய வகையில் எழுதப்பட்டது என்று ஆராய்ந்தே அதன் பொருளைக் கொள்ள வேண்டும் என்று வழிதிறந்துவிட்டார். கண்டிக்கு மேற்கே பிலிமத்தலாவவில் 1963இல் அங்கிலிக்கன், மெதடிஸ்த, பப்ரிஸ்ற் சபைகள் கூடித் தொடங்கிய இலங்கை இறையியற் கல்லூரி, இவ்வாய்வு ஐரோப்பாவில் வேரூன்றி நெடுங்காலம் ஆனபின் எழுந்தது.

இம்மரபுகளின் அளவுகோல்கள் எவ்வாறு வேறுபடுகின்றன என்பதை ஒரே வசனத்தைக் கொண்டு காணலாம். உயிர்த்தெழுந்த இயேசுவை முதலிற் கண்டவர், ஏழு பேய்கள் நீங்கப்பெற்ற மகதலா மரியா. அத்தகைய ஒருத்தியின் சாட்சியத்துக்கு என்ன மதிப்பு என்று தேரர் பாணந்துறையில் கேட்டார். மரியா முதலிற் கண்டார் என்பதும், அவரிடமிருந்து ஏழு பேய்கள் நீங்கின என்பதும் சேர்ந்து வருமிடம் மாற்கு 16ஆம் அதிகாரத்தின் 9ஆம் வசனமாகும். 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய்ச் சுவடியிலும் வத்திக்கான் சுவடியிலும் மாற்கு நூல் 8ஆம் வசனத்தோடு முடிந்துவிடுகிறது. 9 முதல் 20 வரையான பகுதி பிற்சேர்க்கை என்பது பெரும்பாலான மூலபாட ஆய்வாளரின் முடிவு. பல படிகளை ஒப்புநோக்கிப் பழைய பாடத்தைத் தேறும் இம்முறை, சி. வை. தாமோதரம்பிள்ளை, உ. வே. சாமிநாதையர் ஆகியோரின் பதிப்புகளைப் பயின்ற தமிழருக்குப் புதிதன்று. சினாய்ச் சுவடியோ பாணந்துறை வாதத்துக்கு 11 ஆண்டுகள் முன்பே, 1862இல், அச்சேறியிருந்தது.

ஆயினும் தேரரின் கேள்வி அத்தோடு அற்றுப்போவதில்லை. நான்கு நற்செய்திகளும் வெறுங்கல்லறையை முதலிற் கண்டோர் பெண்களே என்கின்றன. பெண்களின் சாட்சியம் பெரிதும் மதிக்கப்படாத அச்சமூகத்தில், கதை புனைபவர் அவர்களைச் சாட்சியாக நிறுத்தியிருக்கமாட்டார். ஆகவே இச்செய்தி பழையது என்பர் வரலாற்றாய்வாளர் பலர். தேரர் குறையாகக் கண்டதே இங்கு நம்பகத்துக்குச் சான்றாகிறது. மறுபுறம், நற்செய்திகளுக்கும் முந்தி, ஏறத்தாழ 50களில் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் மடலில், உயிர்த்தவரைக் கண்டோர் பட்டியலில் பெண்கள் பெயரால் குறிக்கப்படவில்லை. இவற்றை எடைபோட்டால், சீடர் தாம் அவரைக் கண்டதாக மிக முற்காலத்திலேயே நம்பினர் என்பது வரை வரலாறு துணிந்து சொல்லும். உயிர்த்தெழுதலை மெய்ப்பிக்கவோ பொய்ப்பிக்கவோ அதனிடம் கருவி இல்லை.

கண்டியில் தங்கியிருந்த பாப்பரசரின் பிரதிநிதி சலெஸ்கி ஆண்டகை 1912இல் நூலெழுதிய, இயேசுவின் சீடர் தோமா இந்தியாவுக்கு வந்தார் என்னும் மரபுக்கும் இதே எல்லை பொருந்தும். தோமா பணி நூல் குறிப்பிடும் குந்தபோரஸ் என்னும் அரசன் 19ஆம் நூற்றாண்டில் கிடைத்த நாணயங்களால் உண்மை மனிதனானான். அவனுக்காகத் தோமா வானுலகில் அரண்மனை எழுப்பிய கதையை எந்த நாணயமும் காட்டித் தராது.

அற்புதங்களை அளக்க வேறோர் அளவுகோலும் பின்னர் இலங்கையில் எழுந்தது. மார்த்தோமா சபைக் குருவின் மைந்தரும் இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்தின் முன்னோடியுமான ஆபிரகாம் கோவூர், அற்புதம் நிகழ்த்திக் காட்டுவோருக்கு 1,00,000 ரூபா தருவதாக 1963இல் சவால்விட்டார். வாழ்ந்துகொண்டிருக்கும் சித்துக்காரரை அம்பலப்படுத்த அது உகந்த முறை. 2,000 ஆண்டுகளுக்கு முந்திய நூலொன்றை அளக்க அது உதவாது.

புத்தர் மூன்று முறை இலங்கைக்கு எழுந்தருளினார் என்னும் மகாவம்சச் செய்தியையும், மதுரைத் திருவிளையாடல்களையும் வரலாற்றுக் கோலால் அளக்க, அவற்றைப் போற்றிய 19ஆம் நூற்றாண்டு வாதிகள் முன்வரவில்லை. மாற்றான் நூலுக்கு வரலாற்றையும் தன் நூலுக்குப் பக்தியையும் அளவாக வைத்த அவ்வழக்கமே அவ்வாதங்களின் பெருங்குறை எனலாம். மாற்கு 16ஆம் அதிகாரத்தின் இறுதிப் பகுதியை இன்றைய விவிலியப் பதிப்புகள் பல அடைப்புக்குறிக்குள்ளோ அடிக்குறிப்புடனோ அச்சிடுகின்றன. வாசகர் தம் வீட்டுப் பிரதியில் அது எவ்வாறு உள்ளது என்று எடுத்துப் பார்ப்பாராக.