அடிமட்டத்தின் அளவுகோல்கள்

வீழும் பங்குச் சந்தை அடிமட்டத்தைத் தொட்டுவிட்டதா என்று அறுதியிடும் முயற்சிக்கு அமெரிக்காவில் ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. விலைப்போக்கு, பங்கின் மதிப்பு, முதலீட்டாளர் மனநிலை ஆகியவற்றை முறையே அடிப்படையாகக் கொண்ட மூன்று மரபுகள் அதில் வேரூன்றியுள்ளன.

இவற்றுள் மூத்தது, வால் ஸ்ட்ரீட் ஜர்னல் இதழின் நிறுவனர்களுள் ஒருவரான சார்லஸ் டௌவின் எழுத்துகளில் தோன்றி, வில்லியம் ஹாமில்டன், ராபர்ட் ரியா ஆகியோரால் முறைப்படுத்தப்பட்ட மரபாகும். கரடிச் சந்தை எனப்படும் நீடித்த இறங்குமுகத்தை இம்மரபு மூன்று கட்டங்களாகப் பகுக்கிறது: மிகை நம்பிக்கை கலைவது முதற்கட்டம், தொழில் வருவாய் குறைவதால் பங்குகள் விற்கப்படுவது இரண்டாம் கட்டம், பணமுடையால் நல்ல பங்குகளும் கிடைத்த விலைக்குத் தள்ளப்படுவது மூன்றாம் கட்டம். அதன் பின் எழும் சந்தை மீண்டும் சரிகையில் பழைய தாழ்நிலைக்குக் கீழே போகாமல் நின்று, தொழில்துறை, ரயில்வே (1970 முதல் போக்குவரத்து) ஆகிய துறைப் பங்குகளின் இரு விலைச் சராசரிகளும் முந்தைய எழுச்சியின் உச்சத்தைத் தாண்டினால்தான் திருப்பம் உறுதிப்பட்டதாக இம்மரபினர் கொள்வர்.

எழுச்சி மட்டுமே சான்றாகாது என்பதற்கு 1929ஆம் ஆண்டின் வீழ்ச்சியே தக்க எடுத்துக்காட்டு. அவ்வாண்டு செப்டம்பர் 3இல் 381.17ஆக இருந்த டௌ ஜோன்ஸ் தொழில்துறைச் சராசரி, நவம்பர் 13இல் 198.69க்கு இறங்கி, 1930 ஏப்ரல் 17இல் 294.07க்கு ஏறியது; நெருக்கடி தீர்ந்ததென நம்பி அப்போது வாங்கியோர், 1932 ஜூலை 8இல் அது 41.22ஆகச் சரியும்வரை தம் முதலீடு கரைவதைப் பார்த்திருக்க நேர்ந்தது.

பெஞ்சமின் கிரஹாமும் டேவிட் டாட்டும் 1934இல் வெளியிட்ட ‘செக்யூரிட்டி அனாலிசிஸ்’ நூல் மதிப்பு மரபின் மூலநூலாகும். ரொக்கம், சரக்கிருப்பு, வரவேண்டிய பாக்கி ஆகியவை அடங்கிய நடப்புச் சொத்திலிருந்து கடன்கள் அனைத்தையும் கழித்த மீதத்திற்கும் குறைவாகப் பங்கு விற்கப்படுமானால், அதை மலிவு என்பதில் இம்மரபுக்கு ஐயமில்லை. விலையைப் பத்தாண்டுச் சராசரி வருவாயோடு, பணவீக்கத்திற்கேற்பத் திருத்தி, ஒப்பிடும் பொருளியலாளர் ராபர்ட் ஷில்லரின் விகிதம் 1932, 1982 ஆகிய ஆண்டுகளின் தாழ்நிலையில் 7க்கும் கீழே சென்றது. 2009இலோ 13 அளவிலேயே சந்தை திரும்பிவிட்டதால், பழைய எண்ணுக்காகக் காத்திருந்தோர் வாய்ப்பை இழந்தனர்.

மனநிலை மரபு, குறித்த விலைக்குப் பின்னர் வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஆப்ஷன் ஒப்பந்தங்களின் விலையிலிருந்து கணிக்கப்படும் விக்ஸ் என்னும் அச்சக் குறியீட்டை நம்புகிறது. 2008 நவம்பர் 20இல் விக்ஸ் 80.86ஆக உச்சம் தொட்டபோதிலும், அமெரிக்கப் பெருநிறுவனப் பங்குகளை அளவிடும் எஸ் அண்ட் பி 500 குறியீடு 676.53 என்னும் தாழ்நிலையை அடைந்தது 2009 மார்ச் 9இல்தான். அச்சத்தின் உச்சமும் விலையின் அடியும் ஒரே நாளில் அமைய வேண்டியதில்லை என்பதை இது உணர்த்துகிறது.

ஆகவே மதிப்பை முதற்சான்றாகவும், விலையின் உறுதிப்பாட்டை இரண்டாம் சான்றாகவும், மனநிலையைத் துணைச்சான்றாகவும் கொள்வதே பொருந்தும். எனினும் கரடிச் சந்தையின் மூன்றாம் கட்டத்தில் விற்போர் பெரும்பாலும் அறியாமையால் அன்றி, கடனாலும் முடையாலும் விற்கின்றனர். எனவே கடன் வாங்காமல், உடனடித் தேவைக்கு வேண்டாத பணத்தை மட்டுமே முதலிட்டவருக்கே இவ்வளவுகோல்கள் பயன்தரும்.