மின்னாவண மேலாண்மை: திருவண்ணாமலையை முன்வைத்து ஒரு திறனாய்வு

மின்னாவண மேலாண்மை என்பது ஒரு நிறுவனத்தில் உருவாகும் கணினிவழி ஆவணங்களை வகைப்படுத்தி, பெயரிட்டு, பாதுகாத்து, வேண்டும்போது எடுத்துக் கொடுத்து, காலம் முடிந்தபின் முறைப்படி நீக்கும் பணியாகும். தாளை ஸ்கேன் செய்து கணினியில் சேமித்துவிட்டால் இப்பணி முடிந்துவிட்டது என்று பல அலுவலகங்கள் கருதுகின்றன. இக்கருத்து தவறானது.

ஆவணமும் பதிவும்

வரைவுக் கடிதம் ஓர் ஆவணம், அதைத் திருத்தலாம். கையொப்பமிட்டு அனுப்பிய கடிதம் ஒரு பதிவு, அதை மாற்றக்கூடாது. 2001இல் வெளியாகி 2016இல் திருத்தப்பட்ட ஐ.எஸ்.ஓ. 15489 தரநிலை, பதிவுக்கு உண்மைத்தன்மை, நம்பகத்தன்மை, சிதைவின்மை, பயன்படுதன்மை ஆகிய நான்கு பண்புகளைக் கேட்கிறது. ஸ்கேன் செய்த படம் இவற்றைத் தானாகப் பெற்றுவிடுவதில்லை.

கல்லிலும் தாளிலும் இருந்த ஒழுங்கு

திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயில் சுவர்களில் சோழர் காலம் முதலான கல்வெட்டுகள் உள்ளன. ஒரு கொடைக் கல்வெட்டில் பொதுவாக அரசன் பெயர், ஆட்சியாண்டு, கொடுத்தவர், கொடுத்த பொருள், நோக்கம் ஆகியவை இருக்கும். இன்று 'மீதரவு' என்று சொல்லப்படுவது இதுவே.

திருமழபாடியில் கோயிலைப் புதுப்பிக்கும் முன் அதன் கல்வெட்டுகளை ஏட்டில் படியெடுக்க முதலாம் இராசராசன் ஆணையிட்டான். முதலாம் இராசேந்திரன் காலத்தில் அவை புதுச் சுவரில் மீண்டும் பொறிக்கப்பட்டன. பழைய கணினியிலிருந்து புதிய கணினிக்கு மாறும் அலுவலகம் கற்க வேண்டிய பாடம் இது.

தமிழ்நாட்டு மாவட்ட அலுவலக நடைமுறையிலும் ஒழுங்கு இருந்தது. முடிந்த கோப்புகள் நிரந்தரம், பத்தாண்டு, மூன்றாண்டு, ஓராண்டு எனப் பிரிக்கப்பட்டுப் பதிவறைக்குச் சென்றன. எதை வைப்பது, எதை அழிப்பது என்பதைக் கோப்பை முடிக்கும்போதே தீர்மானித்தார்கள்.

இன்றைய குறைகள்

முதற்குறை பெயரிடுதல். 'ஸ்கேன்001', 'புதியது', 'கடைசி', 'கடைசி2' என்ற பெயர்களில் கிடக்கும் கோப்புகளை, அவற்றை உருவாக்கியவர் மாறுதலில் சென்றபின் வேறு எவராலும் அடையாளம் காண முடியாது.

இரண்டாவது ஊர்ப்பெயர். வட ஆர்க்காடு மாவட்டம் 1989 செப்டம்பர் 30 அன்று பிரிக்கப்பட்டுத் திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம் உருவானது. பின்னர் அது திருவண்ணாமலை மாவட்டம் எனப்பட்டது. ஆகவே ஒரே நிலத்தின் ஆவணங்கள் மூன்று மாவட்டப் பெயர்களில் இருக்கலாம். ஆங்கிலேயர் காலப் பதிவுகளில் ஊர் 'திரினோமலி' என்றும் காணப்படும். இப்பெயர்களை ஒன்றோடொன்று இணைக்காத தேடல், இருக்கும் ஆவணத்தையே 'இல்லை' என்று சொல்லும். பாட்டனார் பெயரில் வந்த 1975ஆம் ஆண்டு உத்தரவைத் தேடும் விவசாயிக்கு அந்த ஒரு சொல்லால் நிலமே கைவிட்டுப் போகலாம்.

மூன்றாவது எழுத்துரு. ஒருங்குறி பரவுவதற்கு முன் தமிழ்நாட்டு அலுவலகங்களில் வானவில் போன்ற எழுத்துருக்களில் ஏராளமான கோப்புகள் தட்டச்சு செய்யப்பட்டன. ஒருங்குறிக்கு மாற்றாவிட்டால் அவற்றைத் தமிழில் தேட முடியாது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் படிக்கவும் முடியாது.

சட்டம் கூறுவது

தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன் 7ஆம் பிரிவு, மின்பதிவு பின்னாளிலும் எடுத்துப் பார்க்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்றும், எங்கிருந்து எப்போது வந்தது என்ற விவரம் உடனிருக்க வேண்டும் என்றும் கூறுகிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் 4ஆம் பிரிவு பதிவுகளைப் பட்டியலிட்டு அட்டவணைப்படுத்தச் சொல்கிறது. எனவே கோப்பைத் தேடி எடுக்க முடியாத நிலை நிர்வாகக் குறையோடு நிற்பதில்லை; குடிமகனின் உரிமையையும் அது பாதிக்கிறது.

மதிப்பீடு

மின்முறையின் நன்மைகளை மறுக்க முடியாது. பட்டா நகலையும் வில்லங்கச் சான்றையும் வீட்டிலிருந்தே பெற முடிகிறது. கரையானும் மழைநீரும் தின்ற பதிவேடுகளை நினைத்தால் மின்படியின் அருமை புரியும். யார், எப்போது கோப்பைத் திறந்தார் என்ற தடமும் இதில் கிடைக்கும்.

தேடுபொறி இருக்கையில் வகைப்பாடு எதற்கு என்று சிலர் கேட்பர். கையெழுத்துப் பதிவேட்டின் படத்தில் கணினி தேடுவதற்கு எழுத்தே இல்லை. எழுத்து இருந்தாலும், தேடுபவருக்கு அந்தக் காலத்துச் சொல் தெரிந்திருக்க வேண்டும். இவ்விரண்டு தடைகளையும் நீக்குவது வகைப்பாடும் மீதரவுமே.

ஆகவே வேலையின் வரிசை மாற வேண்டும். முதலில் வகைப்பாடும் பெயரிடும் விதியும், அடுத்து வைத்திருக்கும் கால அட்டவணை, பின்பு பொறுப்பாளர், அதன்பிறகே ஸ்கேன் இயந்திரம். நீண்டகாலம் வைக்க வேண்டியவற்றுக்கு 2005இல் தரநிலையான பி.டி.எஃப்./ஏ போன்ற வடிவம் ஏற்றது. படி ஒன்று வேறு ஊரிலும் இருக்க வேண்டும்.

ஒரு பள்ளி தன் சேர்க்கைப் பதிவேட்டிலிருந்தே இதைத் தொடங்கலாம். சேர்க்கை எண், ஆண்டு, பெயர், பிறந்த தேதி ஆகியவற்றைத் தட்டச்சு செய்து ஒவ்வொரு பக்கப் படத்தோடும் இணைத்தால் போதும். நாற்பது ஆண்டுக்குப் பின் பிறந்த தேதிச் சான்றுக்காக வரும் பழைய மாணவர் வெறுங்கையோடு திரும்ப வேண்டியிராது.