குழாய்க்குள் வராத சத்தம்

காரியாபட்டியில் எங்கள் தெருப் பையன்களுக்கு இளையராஜா பாட்டெல்லாம் மனப்பாடம். இடையிசை உட்பட வாயாலேயே வாசித்துக் காட்டுவோம். ஆனால் அந்தப் பாட்டுகளை நாங்கள் ஒருநாளும் முழுசாகக் கேட்டதில்லை. இது எனக்குத் தெரியவந்தபோது வயது பதினெட்டு.

காரணம், மைக் செட். கல்யாணம், காதுகுத்து, பங்குனிப் பொங்கல் எதுவாக இருந்தாலும் எங்கள் ஊர் மைக் செட் அண்ணன் முந்தின நாள் சாயங்காலமே வந்து வேப்பமரத்தில் ஏறிவிடுவார். திசைக்கு ஒன்றாக நாலு குழாய். ஒவ்வொரு குழாயின் வாயிலும் சிவப்புப் பெயின்ட்டில் அவர் கடைப் பெயர். விடிகாலை பக்திப் பாட்டில் ஆரம்பித்தால் ராத்திரி வரை ஓடும். பக்கத்து ஊர் வரைக்கும் கேட்கும். பாடுகிற குரல் கேட்கும், வயலின் கேட்கும், புல்லாங்குழல் கேட்கும், தபேலாவின் 'டக்' கேட்கும். கேட்காதது ஒன்றே ஒன்று. பேஸ் கிட்டார்.

பேஸ் கிட்டாருக்கு நாலு கம்பி. அவை எழுப்பும் ஒலி விநாடிக்கு சுமார் 41, 55, 73, 98 அதிர்வுகளில் ஆரம்பிக்கிறது. குழாய் ரேடியோவோ 300-க்குக் கீழே கிட்டத்தட்ட ஊமை. அது தூரத்துக்குக் கத்துவதற்காகச் செய்த கருவி. கனமான சத்தம் அதற்குள் நுழையாது. பேஸின் நிழல் மாதிரி ஏதோ ஒன்று கசிந்து வரும், அவ்வளவுதான். ஆக, ஒரு ஊரே வருஷக்கணக்காக ஒரு வாத்தியத்தைக் கழித்துவிட்டு ராஜாவை ரசித்திருக்கிறது. ரசிப்பில் ஒரு குறையும் தெரியவில்லை என்பதுதான் வேடிக்கை.

மதுரையில் பி.காம். படிக்கப் போனபோது அறைத்தோழன் ஒருவன் வாக்மேன் வைத்திருந்தான். ஒரு ராத்திரி ஹெட்போனைக் காதில் மாட்டிவிட்டான். 'மௌன ராகம்' கேசட். 'மன்றம் வந்த' பாட்டு. நூறு தடவையாவது கேட்ட பாட்டு. எஸ்.பி.பி. பாட ஆரம்பித்ததும் திடுக்கென்றது. கீழே இன்னொருத்தர் இருக்கிறார்! குரல் ஒரு பாட்டுப் பாட, அதன் அடியில் தடித்த, வழுவழுப்பான ஒரு சத்தம் தன்பாட்டுக்கு வேறொரு பாட்டுப் பாடிக்கொண்டு போகிறது. குரல் நிற்கிற இடத்தில் அது நகர்கிறது. குரல் ஓடுகிற இடத்தில் அது ஒதுங்கி வழிவிடுகிறது. குடியிருந்த வீட்டுக்கு ஒரு நிலவறை இருப்பதைப் பத்து வருஷம் கழித்துக் கண்டுபிடித்த மாதிரி இருந்தது. ரீவைண்ட் செய்து ரீவைண்ட் செய்து அவன் பேட்டரியைத் தீர்த்துவிட்டேன்.

"டேய், கீழ ஒண்ணு ஓடுதே, அது யாருடா வாசிக்கிறது?" என்றேன்.

"ராஜாடா" என்றான்.

கேசட் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். படத்தின் பெயர், இசையமைப்பாளர் பெயர், பாடியவர்கள், பாட்டு எழுதியவர். வாசித்தவர் யாரும் இல்லை.

அவர் பெயர் சசிதரன். எண்பதுகளின் ராஜா பாட்டுகளில் பேஸ் கிட்டார் என்றால் அவர்தான். டிரம்ஸில் புருஷோத்தமன், கிட்டாரில் சதானந்தம், சந்திரசேகர், கீபோர்டில் விஜி மானுவேல், வயலினில் வி.எஸ்.நரசிம்மன், புல்லாங்குழலில் நெப்போலியன் என்ற அருண்மொழி. இந்தப் பெயர்கள் எல்லாம் எனக்குத் தெரிந்தது பத்திரிகை வேலைக்கு வந்து பல வருஷம் கழித்து. சினிமாப் பாட்டைப் பற்றி எத்தனையோ பக்கம் எழுதியிருக்கிறேன். பழைய கட்டிங்குகளைப் புரட்டினால், 'மெட்டு', 'மயக்கும் குரல்', 'வரிகளின் ஈரம்' என்று பத்தி பத்தியாக இருக்கிறது. சசிதரன் என்ற பெயர் ஒரு இடத்தில்கூட இல்லை. விருதுநகர் ஜில்லாக்காரனுக்குக் கணக்கு சுத்தமாக இருக்கும் என்பார்கள். என் பேரேட்டில் ஒருத்தருக்கு வரவே வைக்கப்படவில்லை.

சரி, இப்போது வைக்கலாம் என்று உட்கார்ந்தால் ஒரு சிக்கல். எதை வரவு வைப்பது?

ராஜா வேலை செய்யும் முறை ஊரறிந்தது. அப்போதெல்லாம் காலையில் பிரசாத் ஸ்டுடியோவுக்கு வருவார். காட்சியைக் கேட்பார். உட்கார்ந்து ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியாக நோட்ஸ் எழுதிக் கொடுத்துவிடுவார். பேஸுக்கும் சேர்த்துத்தான். தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தவர், பாஹ் மீது தீராத பிரியம் உள்ளவர் (1986-ல் வந்த அவருடைய 'ஹவ் டு நேம் இட்' இசைத்தொகுப்பைக் கேட்டவர்களுக்கு அது தெரியும்). மேலே ஒரு மெட்டு, கீழே அதற்கு எதிர்மெட்டு என்பது அவருக்கு மூச்சு விடுகிற மாதிரி. ஆகவே 'மன்றம் வந்த' பாட்டின் அடியில் ஓடுகிற இன்னொரு பாட்டும் ராஜாவின் கற்பனைதான். என் அறைத்தோழன் சொன்னது தப்பில்லை.

அப்படியானால் சசிதரன் வெறும் கைதானா?

இந்த இடத்தில் கடல் தாண்டி ஒருவரைப் பார்த்துவிட்டு வரலாம். அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரம். மோட்டவுன் என்ற கம்பெனி. அறுபதுகளில் கறுப்பினப் பாடகர்களின் ரிதம் அண்ட் ப்ளூஸ் பாட்டுகளை உலகமெங்கும் கொண்டுபோனது அதுதான். அங்கே தினக்கூலி மாதிரி வந்து வாசித்துவிட்டுப் போன பேஸ் கிட்டார்காரர் ஜேம்ஸ் ஜேமர்ஸன். ஆள்காட்டி விரல் ஒன்றினாலேயே வாசிப்பார். அந்த விரலுக்கு 'கொக்கி' என்று பட்டப்பெயர். கம்பி அறுந்தால் ஒழிய மாற்ற மாட்டார். பெரும்பாலும் அவர் கையில் கொடுத்தது 'இந்த இடத்தில் இந்தக் கார்டு' என்கிற குறிப்பு மட்டும். மிச்சமெல்லாம் அவரே இட்டுக்கட்டியது. பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னியே தனக்கு அவர் முன்னோடி என்று சொல்லியிருக்கிறார். இருந்தும் 1971-ல் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' வரும்வரை மோட்டவுன் ரெக்கார்டு உறையில் அவர்களுக்கு இடமில்லை. 1983-ல் அந்தக் கம்பெனியின் வெள்ளிவிழா டிவி நிகழ்ச்சியை அவர் டிக்கெட் வாங்கி பால்கனியில் உட்கார்ந்து பார்த்தாராம். அதே ஆகஸ்டில் 47 வயதில் இறந்துபோனார். அவர் கதை புத்தகமாக வந்தது 1989-ல். மோட்டவுன் வாத்தியக்காரர்கள் எல்லோரையும் பற்றி சினிமா வந்தது 2002-ல்.

பெயர் போடாததற்கு வட்டியும் கட்ட வேண்டியிருந்தது. லாஸ் ஏஞ்சலஸில் இருந்த இன்னொரு பேஸ் கலைஞர், 'அவற்றில் சில பாட்டு நான் வாசித்தது' என்றார். ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து இன்றுவரை மல்லுக்கட்டுகிறார்கள். உறையில் ஒரு வரி அச்சடித்திருந்தால் முடிந்திருக்கும் விவகாரம்.

ஜேமர்ஸன் கணக்கு சுலபம். உருவாக்கியவர் அவர், திருடப்பட்டது அவர் பெயர். சசிதரன் கணக்கு அப்படியல்ல. அவர் முன்னால் எழுதி வைத்த நோட்ஸ் இருந்தது. அதனால்தானோ என்னவோ, நம் ஆட்கள் அவரைப் பற்றி எழுதும்போது ஒன்று ஜேமர்ஸன் ஆக்கிவிடுகிறார்கள், அல்லது ஆளையே விட்டுவிடுகிறார்கள். இரண்டும் தப்பு என்று எனக்குத் தோன்றுகிறது.

'பயணங்கள் முடிவதில்லை' (1982) படத்தின் 'இளைய நிலா'வை எடுத்துக்கொள்ளுங்கள். சந்திரசேகரின் கிட்டார் எல்லோருக்கும் தெரியும். காலேஜில் கிட்டார் தூக்கியவன் எவனும் அதை வாசிக்காமல் இருந்ததில்லை. அடுத்த தடவை அந்தக் கிட்டாரை விட்டுவிட்டு அடியில் இருப்பதை மட்டும் கேளுங்கள். எந்த நோட்டு என்பது தாளில் இருக்கும். அந்த நோட்டை எவ்வளவு நேரம் பிடித்து வைப்பது, எப்போது விடுவது, கம்பியை எவ்வளவு அழுத்துவது, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதா வழுக்குவதா... இதற்கெல்லாம் தாளில் இடம் குறைவு. ஒரே சமையல் குறிப்பை வைத்துக்கொண்டு என் அம்மா வைக்கிற குழம்பும் நான் வைக்கிற குழம்பும் ஒன்றாகவா இருக்கிறது? சசிதரன் கையில் ஒவ்வொரு நோட்டுக்கும் ஒரு முடிவு இருக்கிறது. பேஸ் சத்தம் பாயாசம் மாதிரி வழிந்து பக்கத்து வாத்தியத்தின் மீது கொட்டுவதில்லை. அந்த அடக்கம்தான் மேலே பாடுகிறவருக்கு அத்தனை இடம் கொடுக்கிறது.

இன்னொன்றும் உண்டு. அந்தக் காலத்து ஒலிப்பதிவில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து வாசிக்க வேண்டும். ஒருத்தர் தப்பினால் அத்தனை பேரும் முதலிலிருந்து. மதியத்துக்குள் ஒரு பாட்டு, சாயங்காலத்துக்குள் இன்னொன்று. காலையில் கையில் வந்த தாளை, அதுவரை யாரும் கேட்டிராத ஒரு எதிர்மெட்டை, அன்றைக்கே பிசகில்லாமல் வாசித்துவிட்டு எழுந்து போக வேண்டும். அதன்பிறகு அந்தப் பாட்டுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. கால்ஷீட் சம்பளம், கணக்கு தீர்ந்தது.

1992-ல் 'ரோஜா' வந்தது. ரஹ்மான் பாணி நேர் எதிர். வாத்தியக்காரர் ஒவ்வொருவராக வருவார். தோன்றியதை வாசிக்கச் சொல்வார். மணிக்கணக்கில் வாசித்ததிலிருந்து பிடித்த துண்டை எடுத்து, வெட்டி, ஒட்டி, பாட்டுக்குள் வைப்பார். இங்கே பேஸ் கிட்டார் சென்னையைச் சேர்ந்த கீத் பீட்டர்ஸ். தாளைப் பார்த்து வாசிப்பதைவிட இதில் சுதந்திரம் அதிகம். அது அவர் வாசிப்பிலும் தெரியும். சசிதரன் வாய்க்கால் தண்ணீர் என்றால் கீத் பீட்டர்ஸ் கண்மாய்த் தண்ணீர், அகலமாக நிற்பார். எனக்கு வாய்க்கால்தான் பிடிக்கும். வானம் பார்த்த பூமிக்காரனுக்கு ஓடுகிற தண்ணீர் மேல் ஒரு ஆசை.

ரஹ்மான் இன்னொரு காரியமும் செய்தார். கேசட், சி.டி. அட்டையில் வாத்தியக்காரர்களின் பெயரை அச்சடித்தார். பேஸ்: கீத் பீட்டர்ஸ். பொடி எழுத்துதான், நம் ஊர்க் கடை வெளிச்சத்தில் படிக்க முடியாது. ஆனாலும் இருந்தது. அவரே பையனாக இருந்தபோது அடுத்தவர் பாட்டுக்குக் கீபோர்டு வாசித்துவிட்டுப் பெயரில்லாமல் வீட்டுக்குப் போனவர்தானே.

எங்கள் பக்கத்தில் சிவகாசி இருக்கிறது. தீபாவளிக்கு வாங்குகிற சரவெடிப் பெட்டியில் சாமி படம் இருக்கும், கம்பெனி பெயர் இருக்கும். திரி வைத்த கை யாருடையது என்று எந்தப் பெட்டியும் சொன்னதில்லை. (இரண்டையும் ஒன்றாக்க மாட்டேன். பட்டாசுக்காரர் வைக்கிற பணயம் உயிர்.) வாங்குகிறவர்கள் நாமும் அட்டையைத் தாண்டிப் பார்ப்பதில்லை என்பதற்காகச் சொன்னேன்.

2012-ல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். பாடுகிறவர், வாசிக்கிறவர் போன்ற கலைஞர்களுக்கும் வணிகப் பயன்பாட்டில் ராயல்டி உரிமை என்றது திருத்தம். சட்டத்தின் விளக்கத்தில் 'இசைக்கலைஞர்' என்ற சொல்லும் இருக்கிறது. சந்தோஷம். ஆனால் கணக்குப் படித்தவனுக்கு உடனே தோன்றுவது: வவுச்சர் எங்கே? இந்தப் பாட்டில் வாசித்தது நான்தான் என்று காட்ட ஒரு துண்டுச் சீட்டு வேண்டாமா? பாடகருக்கு அவர் குரலே சாட்சி. பேஸ் கிட்டாருக்கு?

இப்போது அட்டையும் போய்விட்டது. போனில் பாட்டுக் கேட்கிற செயலியைத் திறந்தால் படம், பாடகர், இசையமைப்பாளர் என்று பழைய கேசட் காலத்துக்கே திரும்பிவிட்டோம். ரஹ்மான் பாட்டுகளுக்கு யூடியூப் குறிப்பில் பட்டியல் இருக்கும், இறங்கிப் போய்ப் பார்த்தால். மறுபக்கம், சின்னப் பிள்ளைகளுக்கு மும்பையின் மோகினி டே யார் என்று தெரிகிறது. 2013-ல் கோக் ஸ்டுடியோவில் ரஹ்மானோடு அவர் பேஸ் வாசித்தபோது பதின்வயதுப் பெண். முகம் தெரிந்ததால் பெயர் தெரிந்தது. சசிதரன் காலத்தில் கேமரா ஸ்டுடியோவுக்குள் எட்டிப் பார்த்ததே அபூர்வம்.

போன பங்குனிப் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். கூம்பு ஒலிபெருக்கிக்கு கோர்ட்டும் போலீஸும் செய்த கெடுபிடியில் எங்கள் மைக் செட் அண்ணனும் பாக்ஸுக்கு மாறியிருந்தார். ஆள் உயரப் பெட்டி, இரண்டு பக்கமும். தலை நரைத்துவிட்டது. பெட்டியிலும் சிவப்புப் பெயின்ட்டில் கடைப் பெயர் அப்படியே. 'மன்றம் வந்த' ஓடிக்கொண்டிருந்தது. காரியாபட்டித் தெருவில் முதல்தடவையாக நான் அந்த நாலு கம்பியையும் கேட்டேன். நெஞ்சுக்கூட்டில் தட்டியது.

பக்கத்தில் போய், "அண்ணே, அடியில ஓடுதே ஒண்ணு, கேக்குதா?" என்றேன்.

"இத்தனை வருசமா எங்கய்யா இருந்துச்சு இது? பெட்டி வாங்குன அன்னிக்குப் பயந்தே போனேன், மெசின்ல கோளாறோன்னு" என்றார்.

"அது பேஸ் கிட்டார்ணே. வாசிச்சவரு பேரு சசிதரன். பாட்டு முடிஞ்சதும் மைக்ல ஒரு தடவை சொல்லுங்களேன்."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "ஒருத்தரச் சொன்னா மத்தவங்கள விட முடியுமா? ஒரு பாட்டுக்கு அம்பது பேரு வாசிச்சிருப்பாய்ங்க. பேரச் சொல்லி முடிக்கறதுக்குள்ள விடிஞ்சிரும் தம்பி" என்றார். பிறகு மைக்கை எடுத்து, ஒலி ஒளி அமைப்பு என்று தன் கடைப் பெயரைச் சொல்லிவிட்டு, பேஸ் என்று எழுதியிருந்த திருகை ஒரு சுற்று கூட்டிவைத்தார்.