டிக்கெட் எடுக்காத பயணத்தின் கணக்கு

வேலைக்காகச் சென்னைக்குப் போய்விட்ட நண்பர்களைப் பார்க்க, ஊரில் இருப்பவன் பைக்கை எடுத்துக்கொண்டு தனியாளாகக் கிளம்புவது தென் மாவட்டங்களில் இப்போது சர்வசாதாரணம். வெள்ளிக்கிழமை இரவு மதுரையில் டேங்க் நிரப்பினால் சனிக்கிழமை காலை வேளச்சேரியிலோ பெருங்குடியிலோ ஒரு பேச்சிலர் ரூம் வாசலில் வண்டி நிற்கும். இதற்குச் சொல்லப்படும் முதல் நியாயம் செலவு. டிக்கெட் வேண்டாம், ஆட்டோ வேண்டாம், லாட்ஜ் வேண்டாம், பெட்ரோல் மட்டும் போட்டால் போதும் என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, கூட்டிப் பார்த்தால் நிற்கவில்லை. இந்தப் பழக்கத்தில் மெச்சத் தகுந்தவை உண்டு. ஆனால் அது நெடுஞ்சாலையில்தான் தன் பெருமையைக் காட்டிக்கொள்கிறது, அங்கேதான் அது பலவீனமாகவும் இருக்கிறது. அதன் உண்மையான பலம் தாம்பரத்தைத் தாண்டிய பிறகுதான் தொடங்குகிறது.

முதலில் காசு. மதுரையிலிருந்து சென்னை சுமார் 460 கிலோமீட்டர். லிட்டருக்கு 60 கொடுக்கிற 110 சிசி வண்டிக்கு எட்டு லிட்டருக்குச் சற்றுக் குறைவாகத் தேவைப்படும். 35 கொடுக்கிற 350 சிசி வண்டிக்குப் பதின்மூன்று லிட்டர். பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாயை ஒட்டி விற்கும்போது போக வர 1,550 முதல் 2,600 ரூபாய் வரை ஆகிறது. இதில் ஆயில், செயின், டயர் தேய்மானம் சேரவில்லை, வழியில் குடிக்கும் டீ, மோர், இளநீரும் சேரவில்லை. அதே தூரத்துக்கு வைகை எக்ஸ்பிரஸில் உட்கார்ந்து போக ஒரு வழிக்கு இருநூறு ரூபாயை ஒட்டித்தான் கட்டணம். நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் இரு சக்கர வண்டிக்குக் கட்டணம் இல்லை என்பது மெய்தான். பரனூரிலும் விக்கிரவாண்டியிலும் கார்கள் வரிசை கட்டி நிற்கும்போது ஓரச் சந்தில் நுழைந்து வெளியேறுவதில் ஒரு குஷியும் இருக்கிறது. ஆனால் அந்தச் சலுகை காரோடு ஒப்பிடும்போதுதான் லாபம், ரயிலோடு ஒப்பிட்டால் இல்லை. இரண்டு பேர் ஏறினால் பெட்ரோல் பாதியாகும், கணக்கும் கொஞ்சம் மாறும். தனியாகப் போகிறவனுக்கு அந்த வழியும் கிடையாது. தனியாளாகக் காரில் போவதைப் பற்றிப் பேசவே வேண்டாம், பெட்ரோலே ஒரு வழிக்கு மூவாயிரத்தைத் தொடும். 2025 ஆகஸ்டில் 3,000 ரூபாய்க்கு வந்த ஆண்டு பாஸ் இருநூறு முறை சுங்கச்சாவடியைக் கடப்பவர்களுக்கானது. வருடத்தில் இரண்டு தடவை சென்னை போகிறவர் அதை வாங்கி என்ன செய்வார்?

இங்கே ஒரு மறுப்பு வரும், அது நியாயமான மறுப்பு. இருநூறு ரூபாய் டிக்கெட் யாருக்குக் கிடைக்கிறது? ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கிறது. தீபாவளி, பொங்கல் டிக்கெட்டெல்லாம் திறந்த சில நிமிடங்களில் காத்திருப்போர் பட்டியலுக்குப் போய்விடும். கடையிலோ ஒர்க்‌ஷாப்பிலோ வேலை பார்ப்பவருக்கு லீவு உண்டா இல்லையா என்பது வியாழக்கிழமை சாயங்காலம்தான் தெரியும். அப்போது மிஞ்சுவது ஆம்னி பஸ், அதன் பண்டிகைக் காலக் கட்டணம் ஊரறிந்தது. அந்த நாட்களில் பைக் உண்மையிலேயே மலிவு. ஆக, மலிவை வண்டி தருவதில்லை. முன்கூட்டி லீவு சொல்ல முடியாதவர்களுக்கு ஏற்றபடி டிக்கெட் முறை இல்லாததால்தான் வண்டி மலிவாகத் தெரிகிறது. சாதாரண வாரக் கடைசியில் இந்த நியாயம் செல்லாது. ஆனால் பெரும்பாலான சோலோ ரைடுகள் நடப்பது அந்தச் சாதாரண வாரக் கடைசிகளில்தான்.

மீதிச் சேமிப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் அது நண்பனின் அறையிலிருந்து வருகிறது. லாட்ஜ் வாடகை மிச்சம், சாப்பாடு பெரும்பாலும் மிச்சம். இந்த மிச்சம் ஒருவர் பையில் சேர்வதற்கு இன்னொருவர் பையில் குறைய வேண்டும். நான்கு பேர் பங்கிட்டு வாடகை கட்டுகிற ஒற்றை ஹாலில் ஐந்தாவது பாய் விரிகிறது. கேன் தண்ணீர் ஒரு நாள் முன்னதாகத் தீர்கிறது. மோட்டார் போட வீட்டு ஓனர் ஒதுக்கிய அரை மணி நேரத்தில் ஐந்து பேர் குளித்தாக வேண்டும். கேட்டுக்கு உள்ளே இரண்டு வண்டிக்குத்தான் இடம் என்பதால் விருந்தாளி வண்டி உள்ளே வர, ரூம்மேட் வண்டி தெருவில் நிற்கிறது. அந்த ரூம்மேட்டுக்கு வந்தவர் நண்பர்கூட இல்லை. நைட் ஷிப்ட் முடித்துக் காலை ஏழு மணிக்குப் படுத்தவனை எட்டு மணிக்கு எழுப்பி “மச்சி, கீழ வா” என்பதும் இந்தச் செலவில் சேரும். பணம் இல்லாமல்தானே இவ்வளவு தூரம் வண்டியிலேயே வந்திருக்கிறான் என்று பிரியாணிக் கடையில் பில்லைச் சென்னைக்காரனே எடுத்துக்கொள்கிறான். “சிநேகிதத்தில் என்னய்யா கணக்கு?” என்று கேட்கலாம். சரிதான், கணக்கு பார்க்க வேண்டாம். அப்படியானால் “ஆயிரத்தைந்நூறு ரூபாயில் சென்னை போய் வந்தேன்” என்று சாமர்த்தியமாகச் சொல்லிக்கொள்ளவும் வேண்டாம். அது சாமர்த்தியம் அல்ல, உபசாரம். இதில் நேர்மையாக நடப்பவர்களும் இருக்கிறார்கள். வருவதை இரண்டு நாள் முன்பே சொல்லி, ரூம்மேட்டிடமும் ஒரு வார்த்தை கேட்டு, வந்த அன்றைக்குக் கேன் தண்ணீருக்குக் காசு கொடுத்துவிடுகிறவர்கள். அவர்களின் பயணத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும், அடுத்த முறையும் கதவு திறக்கும்.

இனி சாலை. பணம் ஒரு சாக்குதான், வழி நெடுக நினைத்த இடத்தில் நிறுத்தும் சுதந்திரத்துக்காகத்தான் போகிறோம் என்பவர்கள் உண்டு. இந்தப் பழக்கத்துக்கு ஆதரவாகச் சொல்லப்படுபவற்றில் ஆகச் சிறந்த வாதம் இதுதான். மதுரை – சென்னை சாலை அதற்குத் தோதான சாலையும்கூட. விராலிமலையில் மயில்கள் இருக்கின்றன. பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் கல்லாகிப் போன மரம் ஒன்று கிடக்கிறது. பதினெட்டு மீட்டர் நீளம், பன்னிரண்டு கோடி ஆண்டு வயது என்கிறார்கள். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த எம்.எஸ். கிருஷ்ணன் 1940-இல் உலகுக்குச் சொன்ன மரம் அது. பேருந்தில் போகிறவர் அதைப் பார்க்க வேண்டுமானால் ஒரு நாளையே ஒதுக்க வேண்டும், பைக்கில் போகிறவர் வண்டியை ஒடித்துத் திருப்பினால் போதும். மழைக்காலம் முடிந்த கையோடு போனால் மதுராந்தகம் ஏரி தளும்பி நிற்கும். அதற்கு வடக்கே படாளத்தில் திரும்பினால் வேடந்தாங்கல். நள்ளிரவில் பஸ் எந்த மோட்டலில் நிறுத்துகிறதோ அங்கேயே அவர்கள் வைத்த விலைக்குச் சாப்பிட வேண்டிய கட்டாயமும் இல்லை. இதையெல்லாம் ரயிலும் பஸ்ஸும் தர முடியாது.

ஆனால் எத்தனை பேர் நிறுத்துகிறார்கள்? இரவில் கிளம்பினால் கல்மரமும் தெரியாது, பறவையும் தெரியாது. சென்னையில் வண்டியை விட்டு இறங்கியதும் கேட்கப்படும் முதல் கேள்வி “எத்தனை மணி நேரத்துல வந்த?” என்பதுதான். பதில் குறையக் குறைய மரியாதை கூடுகிறது. “ஆறரை மணி நேரம்” என்று ஒருவர் சொன்னால் அதை வகுத்துப் பார்க்க வேண்டும். 460-ஐ ஆறரையால் வகுத்தால் சராசரி எழுபதுக்கு மேல் வருகிறது. டீக்கும் பெட்ரோலுக்கும் நின்ற நேரத்தைக் கழித்தால், திருச்சியிலும் செங்கல்பட்டு நெரிசலிலும் ஊர்ந்ததையும் கழித்தால், மீதி வழியெல்லாம் வண்டி எண்பதுக்கு மேல் ஓடியிருக்க வேண்டும். நான்கு வழிச் சாலையில் பைக்குக்கு மத்திய அரசு வைத்திருக்கும் உச்ச வேகமே எண்பதுதான். சுதந்திரத்துக்காகக் கிளம்பியவர் பஸ்ஸின் கால அட்டவணையைவிடக் கடுமையான ஓர் அட்டவணையைத் தன் தலையில் தானே கட்டிக்கொள்கிறார். இந்தப் பழக்கத்தின் பெரிய குறை என்று நான் கருதுவது இதைத்தான். விபத்துகூட இதிலிருந்து கிளைப்பதுதான்.

விபத்தைப் பற்றிப் பேசினால் பயமுறுத்துவதாகத் தோன்றும், எண்களைச் சொல்லாமலும் இருக்க முடியாது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022-இல் நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 44.5 சதவீதம் இரு சக்கர வண்டியில் சென்றவர்கள். மொத்தச் சாலை நீளத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவே உள்ள தேசிய நெடுஞ்சாலைகளில்தான் சாவுகளில் 36 சதவீதம் நேர்ந்தது. விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு, 64,105. பைக், தேசிய நெடுஞ்சாலை, தமிழ்நாடு ஆகிய மூன்றும் ஒன்றுசேரும் இடத்தில்தான் இந்தப் பயணம் நடக்கிறது. நான் நிதானமாக ஓட்டுபவன், ஹெல்மெட் போடுபவன், இந்தக் கணக்கில் எனக்கு இடமில்லை என்று சிலர் சொல்வார்கள். ஹெல்மெட் கட்டாயம் பயன்படும், அதே ஆண்டில் ஹெல்மெட் இல்லாமல் இறந்தவர்களே ஐம்பதாயிரத்துக்கு மேல். ஆனால் பின்விளக்கு எரியாமல் இடது ஓரத்தில் நிற்கும் கரும்பு டிராக்டருக்கோ, எதிர்த்திசையில் வரும் உள்ளூர் மொபெட்டுக்கோ, சென்டர் மீடியன் இடைவெளியில் சடாரென்று திரும்பும் வேனுக்கோ உங்கள் நிதானம் தெரியாது. தனியாகப் போவதில் இன்னொன்றும் இருக்கிறது. கண் சொக்கும்போது முதுகில் தட்ட ஆள் இல்லை, விழுந்தால் 108-ஐ அழைக்கவும் ஆள் இல்லை. விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசு ஏற்கும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தை 2021 டிசம்பரில் முதல்வர் தொடங்கிவைத்தது இதே சாலையில் உள்ள மேல்மருவத்தூரில். நல்ல திட்டம். ஆனால் அது பயன்பட வேண்டுமென்றால் விழுந்தவரை முதலில் ஒருவர் பார்த்தாக வேண்டும். பெண்கள் தனியாக ஓட்டி வருவது பெருகிவருகிறது, வரவேற்க வேண்டியதுதான். அவர்களுக்குச் சாலையைவிட, நிறுத்த நம்பிக்கையான இடமும் சுத்தமான கழிப்பறையும் கிடைக்காததே பெரிய தடை. ஆகவே அவர்கள் பகலில்தான் ஓட்டுகிறார்கள். அந்தக் கட்டாயம் ஆண்களுக்கும் இருந்தால் தேவலை.

இவ்வளவையும் சொன்ன பிறகு, வண்டி எங்கே உண்மையாகப் பயன்படுகிறது என்று கேட்டால், சென்னைக்குள்ளே. நண்பர்கள் ஒரே இடத்தில் இருப்பதில்லை. ஒருவன் ஓ.எம்.ஆரில் பெருங்குடியில் இருப்பான், இன்னொருவன் அம்பத்தூர் எஸ்டேட்டில், கல்யாணமான மூன்றாமவன் வாடகைக்குப் பயந்து கூடுவாஞ்சேரியில். தென் மாவட்டப் பேருந்துகள் இப்போது கிளாம்பாக்கத்தோடு நின்றுவிடுகின்றன, அங்கிருந்து அம்பத்தூர் போய்ச் சேருவதே ஒரு குட்டிப் பயணம். மின்சார ரயில் கடற்கரை – தாம்பரம் கோட்டில் பத்து ரூபாய்க்கு அருமையாக உதவும், ஆனால் ஓ.எம்.ஆருக்கு அது போகாது. இரண்டாம் கட்ட மெட்ரோ வேலைக்காக ஓ.எம்.ஆரில் பல இடங்களில் தடுப்பு போட்டுப் பாதையை மாற்றிவிட்டிருக்கிறார்கள். இரண்டே நாளில் மூன்று பேரைப் பார்த்து, ராத்திரி பதினொன்றரைக்கு எலியட்ஸ் பீச்சிலிருந்து கிளம்ப வேண்டுமானால் சொந்த வண்டிக்கு ஈடு இல்லை. ஆட்டோவுக்கும் பைக் டாக்ஸிக்கும் கொடுப்பதைக் கூட்டினால் இங்கேதான் பெட்ரோல் மிச்சப்படுத்துகிறது, 460 கிலோமீட்டரில் அல்ல.

வண்டி தேவைப்படுவது நகரத்தில்தான் என்றால் ரயிலில் வந்து சென்னையில் வாடகை வண்டி எடுக்கலாமே என்பது அடுத்த யோசனை. பலருக்கு இதுவே சரியான வழி. வாடகை வண்டிக்கு முன்பணம் கட்ட வேண்டும், ஒரிஜினல் லைசென்ஸைக் காட்ட வேண்டும், கீறல் விழுந்தால் தகராறு. ஆனாலும் எட்டு மணி நேரத் தூக்கத்தோடு நண்பனைப் பார்க்கலாம். சொந்த வண்டியே வேண்டுமென்றால் ரயில்வே பார்சல் ஆபீஸ் இருக்கிறது: ஆர்.சி. நகல், அடையாள அட்டை, பெட்ரோலை வடித்துவிட்ட டேங்க், சாக்கு சுற்றிக் கட்டுகிறவருக்குத் தனிக் கூலி. ஊர் மாறுகிறவருக்கு அது சரி, இரண்டு நாள் விருந்தாளிக்குக் கட்டாது. தூரமும் ஒரு பொருட்டு. வேலூர், விழுப்புரம், திருவண்ணாமலையிலிருந்து வருகிறவருக்கு நான் இதுவரை சொன்ன ஆட்சேபங்களில் பாதி பொருந்தாது. அதிகாலையில் கிளம்பி இட்லி நேரத்துக்கோ, மிஞ்சிப் போனால் பதினோரு மணி வெயிலுக்கு முன்போ வந்துவிடலாம். திருச்சிக்காரர் பகலில், இரண்டு இடத்தில் நிறுத்தி வந்தால் தாக்குப்பிடிக்கும். மதுரைக்குத் தெற்கே போகப் போக, வழியில் ஓர் இரவு தங்காமல் வருவதை என்னால் ஆதரிக்க முடியவில்லை. தங்கினாலோ, மிச்சம் பிடித்ததாகச் சொன்ன லாட்ஜ் வாடகை உளுந்தூர்பேட்டையில் செலவாகிவிடும்.

எல்லாரும் போகும் வழியைப் பற்றியே பேசுகிறார்கள், திரும்பும் வழியை விட்டுவிடுகிறார்கள். போகும்போது உடம்பில் தெம்பு இருக்கும். திரும்பும்போது இரண்டு ராத்திரி அரட்டை, கடற்கரை, ஓட்டல் சாப்பாடு எல்லாம் கண்ணில் உட்கார்ந்திருக்கும். ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்குப் பெருங்களத்தூர் நெரிசலில் தொடங்கினால் மதுரைக்குப் போய்ச் சேர விடிகாலை. ஒன்பது மணிக்குக் கடை திறக்க வேண்டும் என்ற நினைப்பே ஆக்ஸிலேட்டரை முறுக்கவைக்கும். “நாளைக்குக் காலைல போடா” என்று ரூமில் யாராவது சொல்வார்கள்தான், ஆனால் அதைக் கேட்கிற நிலையில் அவன் இருப்பதில்லை, லீவு ஞாயிறோடு முடிந்துவிட்டது. ஆகவே இந்தப் பயணத்தின் பட்ஜெட்டில் பெட்ரோலுக்கு மேலே, முதல் வரியாக எழுத வேண்டியது திங்கட்கிழமை. அன்றைக்கு ஒரு நாள் சம்பளம் பிடித்தம் என்றால் அந்தத் தொகையையும் சேர்த்துக்கொண்டுதான் ரயில் டிக்கெட்டோடு ஒப்பிட வேண்டும்.