இழுப்பதா, விரலை மாற்றுவதா?

பாடசாலை பாண்டில் ட்யூபா சுருதி விலகினால், ஊதுகிற பிள்ளைக்குக் காது சரியில்லை என்று சொல்லிவிடுகிறோம். பெரும்பாலும் அது அநியாயம். பிழை குழாயின் கணக்கிலேயே இருக்கிறது.

பி-பிளாட் ட்யூபாவின் குழாய் ஏறத்தாழ 18 அடி, அதாவது 549 செ.மீ. முதல் வால்வு இரண்டு அரைச்சுரமும், இரண்டாவது ஒன்றும், மூன்றாவது மூன்றும் இறக்கும். தனித்தனியே சரியாக ஒலிக்க முதலாவதற்கு 67, மூன்றாவதற்கு 104 செ.மீ. குழாய் வேண்டும். இரண்டையும் சேர்த்து அமர்த்தினால் கிடைப்பது 171. ஐந்து அரைச்சுரம் இறங்கத் தேவைப்படுவதோ 184. அந்த 13 செ.மீ. குறைவால் சுரம் 31 சென்ட் ஏறி நிற்கிறது. ஓர் அரைச்சுரம் 100 சென்ட். மூன்று வால்வையும் அமர்த்தினால் ஏற்றம் 54 சென்ட்.  யாழில் சுரத்துக்கு ஒரு நரம்பு உண்டு. ட்யூபாவில் மூன்று துண்டுக் குழாய்களே எல்லாச் சுரத்துக்கும் பங்கு போடப்படுகின்றன.

செங்கலடி போன்ற ஊரின் வெயில் இந்த ஏற்றத்தைக் கூட்டுகிறது. குழாய்க்குள் காற்று ஒரு பாகை சூடேறினால் சுருதி சுமார் 3 சென்ட் ஏறும். இல்ல விளையாட்டுப் போட்டி மைதானத்தில் பத்துப் பாகை கூடினால் 30 சென்ட். உடனே முழுக் குழாயையும் நீட்டும் பெரிய ஸ்லைடை 5 செ.மீ. இழுப்பார்கள். வால்வு எதையும் அமர்த்தாத திறந்த சுரம் சரியாகும். வால்வுக் குழாய்கள் பழைய நீளத்திலேயே நிற்பதால், முன்பு 13 ஆக இருந்த குறை 16 செ.மீ. ஆகிவிடும். பெரிய ஸ்லைடை மட்டும் நம்புவது அரை வைத்தியம்தான். உதட்டைத் தளர்த்தி இறக்கினால் நாதம் மெலிகிறது. அதை நான் கடைசியாகவே ஏற்பேன்.

விரல் மாற்றத்துக்கும் எல்லை உண்டு. ஐந்தாம் இசைப்படியில் வரும் திறந்த 'டி' 14 சென்ட் இறங்கி ஒலிக்கும். தம்புராவில் தானாக எழும் அந்தர காந்தாரமும் இதே 5:4 விகிதம். ஆகவே பி-பிளாட் கோர்வையில் அந்தச் சுரம் காதுக்குச் சுத்தம். அங்கே அதை மாற்றவே கூடாது. கீபோர்டுடன் ஒன்றாய் இசைக்கும்போதுதான் உறுத்தும். திறந்த சுரத்தை ஏற்றுவதற்குத் தனி ஸ்லைட் இல்லை. ஒன்றும் இரண்டும் அமர்த்தி ஊதினால் அதே 'டி' சற்று ஏறி வரும். முதல் வால்வின் ஸ்லைடை 2 செ.மீ. இழுத்தால் அடங்கும். முதலில் ஏறி நிற்கும் விரலமைப்பைத் தேர்ந்து, பிறகு ஸ்லைடால் இறக்க வேண்டும் என்பதே என் தீர்ப்பு.

மூன்றாம் ஸ்லைடை 3 செ.மீ. வெளியே இழுத்து அப்படியே விட்டுவிடலாம். இரண்டும் மூன்றும் சேர்ந்த சுரம் அப்போது சரியாகும். ஒன்றும் மூன்றும் சேரும்போது மிச்ச ஏற்றத்தை இடக்கை முதல் ஸ்லைடில் தீர்க்கும். மூன்றாவதைத் தனியே அமர்த்துவதை விட்டுவிட வேண்டும்.

மூன்று வால்வும் சேரும் சுரம் இவ்வளவுக்கும் அடங்காது. நாலாம் வால்வு உள்ள கருவியில் இரண்டும் நாலும் அமர்த்தினால் 54 சென்ட் 25 ஆகக் குறையும். பிளெய்க்லி என்பவர் 1870களில் உரிமம் பெற்ற ஈடுசெய் வால்வு இதைக் குழாய்க்குள்ளேயே திருத்துகிறது. ஆனால் எடை கூடும், விலையும் கூடும். தோளில் சுமந்து நடக்கும் பிள்ளைக்கு நான் சாதாரண நாலு வால்வையே பரிந்துரைப்பேன். வாங்கும் ஆசிரியர் முலாமைப் பார்க்குமுன், முதல் ஸ்லைட் இடக்கைக்கு எட்டுகிறதா, ஊதிக்கொண்டே அசைக்க முடிகிறதா என்று பிள்ளையை வைத்தே சோதிக்கட்டும்.